அம்மாவுக்குப் பொன்னாடை மட்டும் போதுமா?

கேள்வி:

சென்னையில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வயது 39. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அம்மாவுக்கு இந்த மாதம் அறுபது முடிகிறது. பத்து வயதில் சுளகை (முறத்தை) மடியில் வைத்தவள், போன வருஷம் வரை பீடி சுற்றினாள். அப்பா கொத்தனார், வேலைக்குப் போகாத நாள்தான் அதிகம். நானும் தம்பியும் படித்தது, வீடு எழும்பியது எல்லாம் அம்மாவின் பீடிக் காசிலும் சீட்டுக் காசிலும்தான். மனை 1996-ல் வாங்கியது, பத்திரம் அப்பா பேரில். அப்பா 2021-ல் இறந்துவிட்டார், உயில் கிடையாது. கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டது தம்பிதான். அப்பா வழியில் பூர்வீகப் புஞ்சை 90 சென்ட் இருக்கிறது.

அம்மாவின் பிறந்த நாளுக்குத் தம்பி மண்டபம் பிடித்திருக்கிறான். ‘எங்கள் குலதெய்வமே’ என்று பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று. விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை பத்திர ஆபீஸில் டோக்கன் போட்டிருக்கிறான். வீட்டையும் நிலத்தையும் அம்மாவும் நானும் அவன் பேருக்கு விடுதலை (எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அம்மாவிடம் கேட்டேன். “ஏட்டி, உனக்குப் போட வேண்டியதைப் போட்டாச்சுல்லா. 93-ல நானும் எங்க அண்ணன்மாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவதான்” என்றாள்.

வேலை பார்க்கும் இடத்தில் சம ஊதியம், சம மரியாதை என்று சங்கக் கூட்டத்தில் பேசுகிறவள் நான். வீட்டில் வாய் வரவில்லை. பங்கு கேட்டால் அம்மா பட்ட பாட்டுக்கு விலை பேசுவதுபோல் இருக்கிறது. கேட்காமல் விட்டால் 12 வயது மகளிடம் என்ன சொல்வேன்? அம்மாவை மதிப்பது என்றால் கையெழுத்துப் போடுவதா, போடாமல் இருப்பதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வியாழக்கிழமை நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். அம்மாவும் போட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம். அதற்கு அவகாசம் வேண்டும், முதலில் அதை வாங்குங்கள். விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால், “யோசிக்காமல் போட்டுவிட்டேன்” என்று மறுநாள் போய்த் திரும்ப வாங்க முடியாது. சிவில் கோர்ட்டில் ஏமாற்றப்பட்டேன் என்றோ மிரட்டப்பட்டேன் என்றோ நிரூபிக்க வேண்டும். உங்கள் தம்பி ஏமாற்றவும் இல்லை, மிரட்டவும் இல்லை, வெளிப்படையாகக் கேட்கிறார். ஆகவே பின்னால் போடும் வழக்கு நிற்காது. “விழா நல்லபடியா முடியட்டும், ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாரேன், உட்கார்ந்து பேசுவோம்” என்று சொன்னால் போதும். போனில் நியாயம் பேச ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். வீடு அம்மாவின் காசில், பத்திரம் அப்பா பேரில். திருநெல்வேலியில் 26 வருஷமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன். ஆலங்குளம், கடையம், முக்கூடல், பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து வரும் வழக்குக் கட்டுகளைப் பிரித்தால் இந்த வரி இல்லாத கட்டு குறைவு. பகலெல்லாம் சுற்றி, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் இலை வெட்டி, சீட்டுக் கட்டி, தாலிக்கொடியை அடகு வைத்து மனை வாங்கியது ஒருவர். பத்திர ஆபீஸில் போய் நின்றது இன்னொருவர். அப்போது யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. ‘ஆம்பளை பேர்ல இருந்தாத்தான் மரியாதை’ என்று வாங்கிய அம்மாவே சொல்லியிருப்பார்.

இப்போது அதன் பலனைப் பாருங்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்ததால், அவர் பேரில் இருந்த வீடு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாக, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது. (அப்பாவின் அம்மா 2021-ல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.) அதாவது தான் கட்டிய வீட்டில் அம்மாவுக்குச் சட்டம் தரும் இடம் மூன்றில் ஒன்று. மீதி இரண்டு பங்கு, அவர் பெற்றுப் படிக்க வைத்த பிள்ளைகளுடையது. உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான். உங்கள் பங்கு என்னாவது, தம்பிக்கு என்ன சொல்வது, மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவின் வீட்டில் அம்மாவுக்கு என்ன இருக்கிறது என்று நீங்களும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

உங்கள் அம்மாவின் உழைப்பைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போமா? ஒரு நாளைக்கு 800 பீடி, வருஷத்தில் 300 நாள், 45 வருஷம் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடியே எட்டு லட்சம் பீடி. ஒவ்வொன்றுக்கும் இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நுனி மடக்கி, நூல் கட்ட வேண்டும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கழித்துப் போடும் கட்டுக்குக் கூலி கிடையாது. கழிந்ததை ஈடுகட்ட மறுபடி சுற்ற வேண்டும். இலை குறைச்சலாகக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை முழுசாகக் கேட்டால், பற்றாத இலையைச் சொந்தக் காசில் வாங்கியாக வேண்டும். இவ்வளவும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்ததால் ஊர் அதற்கு வைத்த பேர் ‘சும்மா வீட்ல இருந்து பீடி சுத்துதா’ என்பது.

அந்த ‘சும்மா’வை உடைக்கவே சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே அல்ல, பி.எஃப். கட்ட மாட்டோம் என்று முதலாளிகள் வழக்காடினார்கள். வீட்டில் இருந்து சுற்றினாலும் அவர் தொழிலாளிதான், பி.எஃப். உண்டு என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. உங்கள் அம்மாவிடம் ஒரு பி.எஃப். சீட்டோ கம்பெனி பாஸ்புக்கோ இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். அந்தக் காகிதத்தில்தான் அவர் யாருக்கோ மனைவியாக இல்லாமல், தொழிலாளியாகத் தன் பேரில் நிற்கிறார்.

அந்தக் காகிதத்துக்கு நீதிமன்றத்திலும் வேலை இருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்துச் சொத்துகளை வாங்கினார். பணம் என்னுடையது, சொத்தும் என்னுடையது என்று கணவர் வழக்குப் போட்டார். வீட்டை மனைவி பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் சொத்து சேர்த்த உழைப்புதான், அதனால் அவருக்குச் சரிபாதி உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். நேரமும் காலமும் பாராமல் இல்லத்தரசி பார்க்கும் வேலையைக் கணவரின் எட்டு மணி நேர வேலையோடு ஒப்பிட்டுப் பேசியது அந்தத் தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்குப் பங்கு கிடைத்தது வீட்டு வேலைக்காக. உங்கள் அம்மாவோ சோறும் ஆக்கினார், கூலியும் வாங்கினார். வீட்டில் தனக்கு மூன்றில் ஒன்றுக்கு மேலே உண்டு என்று அவர் கேட்க நியாயம் இருக்கிறது. ஆனால் உறவுகளுக்குள் அப்படி ஒரு வழக்கு வேண்டாம் என்பது என் எண்ணம். வழக்கு இல்லாமலே அதை அவருக்குக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நிலத்துக்கு வருகிறேன். பூர்வீகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையிலேயே தலைமுறை தலைமுறையாக இறங்கி, பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்த நிலம் என்றால், கணக்கு வேறு. பிறப்பிலேயே மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் அது 1989 மார்ச் 25 முதல் சட்டம். பெண்ணுக்கும் ஆணோடு சம சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929 பிப்ரவரியில். சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. அப்போதும், அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்று ஒரு வாசலை மூடி வைத்தார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வாசலையும் திறந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவைத்தது. தேவையில்லை, பிறப்பே போதும் என்றது.

இதன்படி நிலத்தை முதலில் அப்பா, நீங்கள், தம்பி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிறகு அப்பாவின் மூன்றில் ஒன்றை அம்மா, நீங்கள், தம்பி மூவரும் பங்கிட வேண்டும். உங்களுக்கு ஒன்பதில் நான்கு பங்கு. தம்பிக்கு ஒன்பதில் நான்கு. அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. 90 சென்ட்டில் உங்களுக்கு 40, தம்பிக்கு 40, அம்மாவுக்கு 10.

நாற்பது வருஷம் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவருக்குப் பத்து சென்ட்! மருமகளாக வந்தவர் அந்தக் குடும்பத்தின் பங்காளி ஆவதில்லை என்பது பழைய முறை, அது இன்னும் மாறவில்லை. மகளுக்குத் திறந்த வாசல் மனைவிக்குத் திறக்கவில்லை. பெண்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது, இனி எதற்குப் போராட்டம் என்று யாராவது உங்கள் சங்கக் கூட்டத்தில் கேட்டால் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், ஊர் அதைப் பூர்வீகம் என்று சொன்னாலும் சட்டக் கணக்கு மாறும். அப்பாவோடு பிறந்த அத்தைமார் இருந்தால், எந்தக் கணக்கிலும் அவர்களுக்கும் பங்கு இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்களா, இல்லை, கேட்க ஆளில்லாமல் விட்டுப்போனதா? உங்களுக்கு நடந்ததையே அவர்களுக்கு நீங்கள் செய்துவிடக் கூடாது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் எடுத்து ஒரு வக்கீலிடம் நேரில் காட்டிய பிறகே நிலத்தின் பங்கை முடிவு செய்யுங்கள்.

உங்கள் மனசை அறுப்பது சட்டம் இல்லை, அம்மாவின் பேச்சு என்று எனக்குத் தெரிகிறது. ‘உனக்குப் போட வேண்டியதைப் போட்டாச்சு’ என்கிறார். கல்யாணத்தில் போட்ட நகைக்கும் செய்த சீருக்கும் சொத்துப் பங்கில் கழிவு கிடையாது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கழிக்கத்தான் வேண்டும் என்றால் தம்பியின் காலேஜ் பீஸையும் கழிக்க வேண்டும், அதை யாரும் நோட்டில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவிடம் போய் இப்படி வாதாடாதீர்கள். ‘நானும் அண்ணன்மாருக்குப் போட்டுக் கொடுத்தவதான்’ என்று சொன்னாரே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1993-ல் அவரை யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? போகும்போது என்ன சேலை கட்டியிருந்தார்? கையெழுத்துப் போட்டதும் என்ன கொடுத்தார்கள்? அதற்குப் பிறகு பிறந்த வீட்டில் அவருக்கு நடந்த மரியாதை கூடியதா, குறைந்ததா? ஒரு ராத்திரி, தம்பியும் அவர் மனைவியும் இல்லாத நேரம் பார்த்து, வக்கீல் மாதிரி இல்லாமல் மகளாகக் கேளுங்கள். நான் பார்த்தவரையில் இந்தக் கதையை எந்த அம்மாவும் இரண்டு வரியில் முடிப்பதில்லை. அண்ணன்மார் மேல் இருக்கும் பாசமும், அன்றைக்கு ஒரு டம்ளர் காபியோடு அனுப்பிவைத்த வருத்தமும் சேர்ந்தே வெளியே வரும். உரிமை இல்லாதவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை என்பதையும் அப்போது அவரிடம் சொல்லுங்கள். அவர் 1984 வாக்கில் கல்யாணமானவராக இருந்தால், 1989 சட்டம் அவரை வெளியேதான் நிறுத்தியிருந்தது. ஆனாலும் தகப்பனாரின் பங்கில் அவரும் வாரிசு. அதனால்தான் கூட்டிப்போனார்கள். முப்பது வருஷமாகத் தன்னிடம் ஒன்றும் இருந்ததில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒன்று இருந்தது, அதை அவர் கொடுத்தார். தான் ஒரு காலத்தில் கொடுத்தவர் என்று அம்மா தெரிந்துகொள்வது நல்லது.

சில வருஷம் முன்பு எழுபது வயது தாண்டிய ஒரு அம்மாவுக்காகப் பத்திர ஆபீஸ் போனேன். மகன் பேருக்கு வீட்டை எழுதிவைக்கும் செட்டில்மெண்ட். எவ்வளவோ சொன்னேன், எழுதியே தீருவேன் என்றார். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து எல்லாம் முடிந்து வெளியே வேப்பமரத்தடிக்கு வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “இனி அடுப்படியில உப்பு எடுக்கணும்னாலும் மருமவகிட்ட கேக்கணுமோம்மா?” அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வியை உள்ளே போகும் முன்பே கேட்கவைத்திருக்க வேண்டியது என் வேலை. அன்றிலிருந்து எந்த வயசாளி அம்மா வந்தாலும், பத்திர நகலைப் படிக்கும் முன்பு, கையெழுத்துப் போட்ட மறுநாள் காலை எந்த அறையில் எழுந்திருப்பீர்கள், யாரிடம் காபி கேட்பீர்கள் என்று சொல்லச் சொல்லுகிறேன். உங்கள் அம்மாவிடமும் இதைக் கேளுங்கள்.

இனி, வழி ஒன்று இருக்கிறது என்றேனே, அது. வீட்டில் உங்கள் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கத்தான் மனசு சொல்கிறது என்றால் விட்டுக்கொடுங்கள். தம்பிக்கு அல்ல, அம்மாவுக்கு. தம்பியும் தன் பங்கை அம்மாவுக்கே விடட்டும். இரண்டு பேரும் சேர்ந்து அம்மா பேருக்கு ஒரே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால், அவர் கட்டிய வீடு முதல் தடவையாக முழுசாக அவருடையதாகும். இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி அது அவருடைய முழு உரிமைச் சொத்து. விற்கலாம், அடமானம் வைக்கலாம், யாருக்கும் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். உங்கள் வீட்டு மதிப்புக்கு அந்த உச்சவரம்பு வரை போகுமா என்பதே சந்தேகம். மண்டபத்துக்கும் பிளெக்ஸுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதிதான். அப்படியே பட்டாவையும் வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பையும் அவர் பேருக்கு மாற்றிவிடுங்கள். கரண்ட் பில்லில் தன் பேரைப் பார்க்கிற அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர் வீட்டைத் தம்பிக்கே கொடுக்க நினைக்கலாம். நினைக்கட்டும், அது அவர் முடிவு. உங்களுக்குக் கசந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் உரிமையை மதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதை அவர் எனக்குப் பிடித்த மாதிரித்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிற்க முடியாது. ஆனால் கொடுக்கும் விதத்தில் நீங்கள் குறுக்கே நிற்கலாம், நிற்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதினால் வீடு அன்றே கைமாறும், திரும்ப வாங்குவது கஷ்டம். உயில் எழுதினால் அவர் காலம் வரை அவருடையது. மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அதனால் உயில்தான் நல்லது. செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தால், ஆயுள் முழுக்க அம்மா அந்த வீட்டில் இருக்கும் உரிமையும், சாப்பாடு, வைத்தியம், கைச்செலவு உட்பட அவரைப் பராமரிக்கும் நிபந்தனையும் அந்தப் பத்திரத்திலேயே எழுத்தாக இருக்க வேண்டும். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, அதன் 23-ஆம் பிரிவு, பராமரிப்பதாகச் சொல்லி வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி செய்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் மனு நிற்கும். ‘வாய்ப்பேச்சாச் சொன்னான்’ என்றால் இழுக்கும்.

நிலத்தில் உள்ள உங்கள் பங்கை விடாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். அம்மாவின் காசில் வந்தது அல்ல அது. ஆகவே அம்மாவுக்கு மரியாதை என்ற பேச்சும் அங்கே இல்லை. அது உங்கள் பிறப்புரிமை, நாளைக்கு உங்கள் மகளுக்குப் போவது. மனசு கேட்காவிட்டால், அம்மா இருக்கும்வரை 90 சென்ட்டின் குத்தகைப் பணமும் அவர் வங்கிக் கணக்கில் விழட்டும் என்று நீங்களும் தம்பியும் எழுதிக்கொள்ளுங்கள். மகனிடமும் கேட்காமல் மகளிடமும் கேட்காமல் மாசா மாசம் கைக்கு வரும் காசு அவருக்கு வேண்டும்.

தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. எட்டு மாதம் அப்பாவைத் தூக்கித் துடைத்துப் பார்த்தவர் அவர். ஆண்பிள்ளைகள் செய்யாத வேலை என்று இந்த ஊர் நினைக்கிற வேலையைச் செய்திருக்கிறார். உட்கார்ந்து பேசும் அன்றைக்கு இதை முதலில் சொல்லி, நன்றியும் சொல்லுங்கள். அந்தச் சமயம் ஆன செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டு, முடிந்ததைக் கொடுங்கள். சமத்துவம் என்று கேட்க வருகிறவள் சமமாகச் சுமக்கவும் வருகிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நாளைக்கு அம்மா படுக்கையில் விழுந்தாலும் அது தம்பி மனைவி தலையில் மட்டும் விழக் கூடாது. அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம் என்று வந்திருக்கிறது. உங்கள் அம்மா காலத்தில் யாரும் அளந்து பார்க்காத நிமிஷங்கள் அவை. இப்போது அந்த வீட்டில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பது அந்தப் பெண்தான். பேச உட்காரும்போது அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

விழாவைத் தடுக்காதீர்கள். அறுபது வருஷத்தில் தனக்கென்று ஒரு மண்டபத்தில் ஒரு நாற்காலி போடப்படுவதை அவர் பார்க்கட்டும், சந்தோஷப்படட்டும். பிளெக்ஸில் ‘குலதெய்வமே’ என்று போடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தெய்வத்துக்குப் பசிக்காது, முதுகு வலிக்காது, சொந்தமாக வீடும் வேண்டாம். உங்கள் அம்மாவுக்கு இது எல்லாம் உண்டு. அடித்தது அடித்தாயிற்று, கிழிக்க வேண்டாம். மேடையில் நீங்கள் பேசும்போது அந்த ஒரு கோடியே எட்டு லட்சத்தைச் சொல்லுங்கள். எந்த வருஷம் எந்தச் சீட்டு எடுத்து எந்தச் சுவர் எழுந்தது, எந்த நகை எந்தப் பரீட்சைப் பணத்துக்கு அடகுக்குப் போனது என்று தெரிந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பெண்கள் மடியில் சுளகு வைத்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களும் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள்.

லீவில் வரும் அந்த ஒரு வாரத்தில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பி.எஃப். திட்டத்தில் பத்து வருஷம் முடித்து 58 வயது தாண்டியவருக்கு மாதப் பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய். உங்கள் அம்மா அதை வாங்குகிறாரா? பீடிப் பெண்கள் பல பேருக்கு ஆதாரில் ஒரு பேர், கம்பெனிப் பதிவில் வேறு பேர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு வேறு என்று இருந்து பணம் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். சில பேர் வருஷக்கணக்கில் இன்னொருத்தர் பாஸ்புக்கில் சுற்றிக் கொடுத்திருப்பார்கள். திருத்தி வாங்க அலைய வேண்டும், ஆனால் முடிகிற வேலைதான். ஐம்பது வருஷம் புகையிலைத் தூளை மூச்சில் இழுத்தவர். நுரையீரலையும் கண்ணையும் முதுகையும் பரிசோதிக்க நர்ஸ் மகளைவிட வேறு யார் கூட்டிப்போவது?

தம்பிக்கு இன்றைக்கே போன் செய்துவிடுங்கள், வியாழக்கிழமை காலை வரை வைக்காதீர்கள். டோக்கனை ரத்து செய்துவிட்டு வேறு தேதி வாங்கிக்கொள்ளலாம். அம்மா பேருக்கு எழுதும் பத்திரத்துக்கு நகல் தயாரிக்க அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 1996 கிரயப் பத்திரம், அதன் வில்லங்கச் சான்று, மூவரின் ஆதார் வேண்டும். பத்திரம் எழுதுபவரிடம் கொடுக்கும்போது, அம்மாவின் பேருக்கு முன்னால் அவர் யாருடைய மனைவி என்று எழுதுவதோடு, தொழில் என்ற இடத்தில் ‘பீடித் தொழிலாளி’ என்றும் எழுதச் சொல்லுங்கள்.